தலையெழுத்தை எழுதிய கை எது?

நம் தோட்டப்புறங்களிலே ஒரு சொல் வழங்குகின்றது. பிள்ளை காய்ச்சலில் மாண்டால் அச்சொல். கணவன் குடித்துக் கெட்டால் அச்சொல். சம்பளத்தில் பாதி கடைக் கணக்கிலே போய்விட்டால் அச்சொல். பெண்ணுக்கு வரன் தட்டினாலும், பையன் பள்ளியை விட்டு நின்றாலும், கூரை ஒழுகினாலும் அதே சொல்தான். "எல்லாம் தலையெழுத்து!" அதைச் சொன்ன மாத்திரத்தில் கேட்டவர் தலையசைப்பார், சொன்னவர் பெருமூச்செறிவார், அதற்குமேல் விசாரணை கிடையாது. பட்டணத்துத் தமிழர் இதில் முன்னேறிவிட்டவர் என்று எவரும் எண்ண வேண்டா. அவர்கள் அதனையே "கர்மவினை" என்று சற்று உயர்ந்த நடையில் சொல்லுவார்கள். சோதிடருக்குக் கொடுக்கும் தட்சிணையும் அந்த நடைக்கேற்ப உயர்ந்திருக்கும். வேறு வித்தியாசம் நமக்குப் புலப்படவில்லை.

நாம் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்க்கின்றவர். ஓர் எழுத்தைக் கண்டவுடன் அஃது எவருடைய கை, எந்தத் தேதி, கீழே கையொப்பம் உண்டா, இடையிலே திருத்தப்பட்டிருக்கின்றதா என்று பார்ப்பது நமது தொழிற்பழக்கம். கணக்குப் பரிசோதகர் முன் போய் நின்று, "ஐயா, இந்தப் பதிவை எழுதியவர் பிரமதேவர், எப்போது எழுதினார் என்பது தெரியாது, ஒருவரும் திருத்த முடியாது" என்று சொன்னால் மறுநாள் நமக்கு வேலை இராது. அப்படியிருக்க, ஒரு சமூகம் முழுவதும் தன் நூற்றாண்டுக் கணக்கை அந்த ஒரே விடையால் மூடிவிடுவது எங்ஙனம் பொருந்தும்? ஆகவே தலையெழுத்தையும் ஒரு பேரேட்டுப் பதிவாக எடுத்துக்கொண்டு புரட்டிப் பார்க்கத் துணிந்தோம். பெரியோர் பொறுப்பாராக, பொறாதவர் மறுத்தெழுதுவாராக.

முதலிற் கூலிக் கணக்கு. 1928-ஆம் ஆண்டையொட்டி மலாயாவின் முக்கியமான தோட்ட வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலையான கூலி வகுக்கப்பட்டது. உலகமெங்கும் வியாபாரம் படுத்து ரப்பர் விலை வீழ்ந்தபோது, 1930-இல், அது குறைக்கப்பட்டது. பல்லாயிரவர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கத்தின் சார்பில் சீனிவாச சாஸ்திரியார் இங்கு வந்து பார்த்தார், பழைய 50-உம் 40-உம் திரும்ப வேண்டும் என்று அறிக்கை எழுதினார், திரும்பின. 1938-இல் ரப்பர் மறுபடியும் சாய்ந்தவுடன் கூலி 45-உம் 36-உம் ஆயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் இந்திய அரசாங்கம் தொழிலாளரை இங்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டது. மறு வருஷம் கூலி பழைய நிலைக்கு வந்தது.

இந்தப் பத்தாண்டுக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு தலையெழுத்துக்காரரை ஒன்று கேட்கின்றோம். பிறந்தபோதே எழுதி முடித்த எழுத்து, இலண்டன் சந்தையில் ரப்பர் விற்ற விலையோடு கூடவே ஏறியதும் இறங்கியதும் எவ்வாறு? பிரமதேவர் காலைதோறும் தந்திச் செய்தி பார்த்துத் திருத்தினாரா? ஒரே விடியலில் பெரட்டுக்கு நின்று, ஒரே நிரையில் பால் வெட்டிய பெண்ணின் நெற்றியில் மட்டும் 10 காசு குறைத்தெழுத அவருக்கு யோசனை சொன்னவர் யார்? குறைத்தவர் தோட்ட முதலாளிமார். அவர்கள் கூடிப் பேசிக் குறைத்தனர். எதிரே ஓர் அரசாங்கம் முறைத்து நின்றபோது கூட்டினர். அந்த மேசையின் தலைப்பில் தெய்வம் எதுவும் அமர்ந்திருக்கவில்லை.

இதிலே இன்னொரு வேடிக்கை. கங்காணிமார் காலத்தில், பெரட்டுக்கு வந்து நின்ற ஆள் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று கங்காணிக்கு நாள்தோறும் ஒரு தொகை கிடைத்து வந்தது. அதற்குத் "தலைக்காசு" என்றே பெயர். நம் பாட்டன்மாருடைய தலையில் எழுத்து இருந்ததோ இல்லையோ, விலை இருந்தது. அந்த விலை இன்னொருவன் மடியிலே விழுந்தது. காய்ச்சலிலும் அவர்களை வேலைக்காட்டுக்கு இழுத்துச் செல்ல அவனுக்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

இனி மரணக் கணக்கு. இதனை விரித்தே சொல்ல வேண்டும். ஏனெனில் விதிவாதிகளின் கோட்டை இதுதான். கூலி விஷயத்தில் நம் வாதத்தை ஒப்புக்கொள்ளுகின்றவர்கூட, "சாவுக்கு என்ன சொல்லுவீர்?" என்று மார்தட்டி வருவார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காடழித்து ரப்பர் நட்ட புதுத் தோட்டங்களுக்கு வந்திறங்கிய நம்மவர் குளிர்காய்ச்சலிலே கொத்துக்கொத்தாக மடிந்தனர். கப்பல் ஏறி வந்தவன், ஊருக்கு முதற் கடிதம் எழுதுவிக்குமுன் குழிக்குப் போனதும் உண்டு. காரணம் என்னவென்று கேட்டால், கெட்ட காற்று என்றான் துரை; காட்டுப் பேய் என்றான் பூசாரி; விதி என்றார்கள் எல்லோரும். துரை சொன்னதும் பிழைதான் என்பதை இங்கே குறித்து வைக்கின்றோம். சதுப்பிலிருந்து எழும் நச்சாவியால் இக்காய்ச்சல் வருகின்றது என்றே மேனாட்டு வைத்தியரும் நெடுங்காலம் நம்பியிருந்தனர். அறியாமை ஒரு நிறத்தாருக்கு மட்டும் உரிய சொத்து அன்று.

1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சிக்கந்தராபாத்திலே, இரானல்டு ராஸ் என்னும் இராணுவ வைத்தியர் கொசுவின் வயிற்றை அறுத்து அதனுள் மலேரியாக் கிருமியைக் கண்டார். நான்காண்டுக்குப் பின், 1901-இல், மால்கம் வாட்சன் என்னும் இளம் வைத்தியர் கிள்ளானுக்கு அரசாங்க வேலையில் வந்து சேர்ந்தார். ஊரிலே காய்ச்சல் நுழையாத வீடு அரிதாயிருந்தது. அவ்வாண்டு புதிதாகத் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் (இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுவே) ஆட்கள் அடுத்தடுத்து விழுந்ததால், துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் அளவுக்குப் பேச்சு வந்தது. வாட்சன் மந்திரித்துக் கயிறு கட்டவில்லை. சதுப்பைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவித்தார், தேங்கிய நீரை வடித்தார், புதர்க்காட்டை அழிப்பித்தார். அடுத்த வருஷமே அவ்விரண்டு இடங்களிலும் சாவு பெரிதும் இறங்கிற்று.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எளிது. முடியவில்லை. சமதரையில் பலித்த அதே முறை மலைப்பாங்கான தோட்டங்களிலே பலிக்கவில்லை. காட்டை வெட்டத் திறந்த இடங்களில் காய்ச்சல் ஏறவே செய்தது. "பார்த்தீரா, வெள்ளைக்காரன் வித்தையும் விதியிடம் தோற்றது" என்று சொல்ல அப்போதும் வாய்கள் இருந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. உண்மை யாதெனில், நிழல் விழுந்த சதுப்பு நீரில் முட்டையிடும் கொசு வேறு. மலையடியில் தெளிந்து ஓடும் ஓடையில், வெயில் படுகின்ற இடம் பார்த்து முட்டையிடும் கொசு வேறு. மரத்தை வெட்டி ஓடைக்கு வெளிச்சம் விட்டது, இந்த இரண்டாம் கொசுவுக்கு மாளிகை கட்டிக் கொடுத்தது போலாயிற்று. வாட்சன் சோர்ந்து உட்காராமல் கொசுவைக் கொசுவாகப் பிரித்தறிந்தார். ஓடையைப் பூமிக்கடியிலே குழாய் பதித்து ஓட்டச் செய்தார். அதற்குச் செலவு மிகுதியென்று தோட்டங்கள் தயங்கியபோது, நீர்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையைக் கைக்கொண்டார். எண்ணெய்த் தகரத்தை முதுகிலே கட்டிக்கொண்டு பள்ளம் பள்ளமாக, ஓடை ஓடையாகத் தெளித்துத் திரிந்த கால்கள் நம்மவர் கால்களே. விதியோடு போர் செய்து அதனை ஊரைவிட்டுத் துரத்திய அந்தச் சேனைக்கு எங்கேனும் ஒரு கல் நாட்டியிருக்கின்றோமா? பேயோட்டியவனுக்குக் கோழி கொடுத்தோம். கொசுவோட்டியவனை எண்ணெய்க்காரன் என்று கூப்பிட்டோம்.

வாய்க்கால் வெட்டிய தோட்டத்தில் விதி ஒருவிதம். செலவுக்கு அஞ்சி வெட்டாத தோட்டத்தில் அது வேறுவிதம். இரண்டு தோட்டத்தாரும் ஒரே கப்பலில், ஒரே ஜில்லாவிலிருந்து, சில வேளை ஒரே வயிற்றிற் பிறந்து வந்தவர்கள். 2018-ஆம் ஆண்டு முதல், மனிதனிடமிருந்து மனிதனுக்குக் கொசு கொண்டுசெல்லும் மலேரியா இந்நாட்டிலேயே தோன்றிப் பரவியதாகப் பதிவில்லை. குரங்கிடமிருந்து தொற்றும் வகையொன்று மட்டும் காட்டோரங்களிலே தொல்லை கொடுக்கின்றது. அப்படியானால் நம் பாட்டிமாருடைய மடியிலிருந்து பிள்ளைகளைப் பறித்துப்போன அந்தப் பழைய விதி எங்கே? ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு போய்விட்டதா?

இங்கே ஒரு பண்டிதர் குறுக்கிடுவார். "வள்ளுவரே ஊழ் என்று ஓர் அதிகாரம் பாடியிருக்கின்றாரே!" ஆம், 38-ஆம் அதிகாரம், பத்துக் குறள்களும் உண்டு. பண்டிதரைப் பணிவோடு கேட்டுக்கொள்ளுகின்றோம்: இன்னும் சில ஏடுகள் தள்ளி 62-ஆம் அதிகாரத்தையும் திறந்து பாரும். ஆள்வினையுடைமை என்பது அதன் பெயர். சோர்வின்றி முயலுகின்றவன் ஊழையே முதுகு காட்டச் செய்வான் என்னும் கருத்து அங்கே ஒளிவுமறைவின்றி வைக்கப்பட்டிருக்கின்றது. ஊழின் வலிமையைச் சொன்ன அதே வாய் இதையும் சொல்லிற்று. நாம் பள்ளியிற் படித்தது ஆங்கிலத்தில். குறளைப் பின்னாளில் தாமாகவே எழுத்துக்கூட்டிக் கற்றவர். நம் கண்ணுக்கே அகப்பட்ட அதிகாரம் மேடைதோறும் முழங்குகின்றவர் கண்ணுக்கு அகப்படாமற் போனது வியப்பே. பாதி நூலைப் படித்துவிட்டு முழு நேரமும் பிரசங்கம் செய்யும் கலையில் நம்மவரை வெல்ல ஆளில்லை.

இன்னொரு மறுப்பு உண்டு. அது பண்டிதருடைய மறுப்பைவிட மேலானது. நம்மை நிறுத்தி வைக்கின்றது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தலையெழுத்து என்று சொல்லி அழுதால், அதையும் பிடுங்கிக்கொள்ளுவீரோ என்பது. மாட்டோம். சவத்தின் தலைமாட்டில் நின்று கொசுவின் குடும்ப விவரம் பேசுகின்றவன் சீர்திருத்தக்காரன் அல்லன், மூர்க்கன். அந்த நேரத்தில் அச்சொல் ஒரு கைத்தாங்கல். "நீ செய்த பிழை அன்று, அம்மா" என்பதே அங்கே அதன் பொருள். அவ்வளவில் அது நல்ல சொல்தான். 1942-லும் 1943-லும் சயாம் இரயில் பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்டுப் புருஷனையும் தமையனையும் அக்காட்டிலே விட்டுத் திரும்பியவர்கள் அச்சொல்லைச் சொல்லிக்கொண்டு பிழைத்திருந்தார்கள் என்றால், அவர்களைக் குறைகூற நமக்கு வாயில்லை. நமது வழக்கு வேறு. முப்பதாம் நாள் கழிந்த பின்னும், அந்த ஆறுதல் மொழியே தீர்ப்பு மொழியாகி, அடுத்த பிள்ளைக்கும் காய்ச்சல் வரும்வரை வாசலில் தேங்கிய நீரை எவரும் வடிக்காமல் விடுகின்றார்களே, அதைப் பற்றியது.

மேலும், மனித சுபாவத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், முழு விதிவாதி ஒருவனையேனும் நாம் கண்டதில்லை. தலையெழுத்து என்கின்றவன்தான் நாலு நம்பர் எடுக்க வரிசையில் நிற்கின்றான். விபத்தான லாரியின் எண்ணையும், கனவிலே கண்ட பாம்பின் நீளத்தையும் கணக்கிட்டு எழுத்தை மாற்ற முயலுகின்றான். வந்த பணம் தன் சாமர்த்தியம்; போன பணம் விதி. தன் மகன் தேறினால் வளர்ப்பு. அண்டை வீட்டான் மகன் தேறாவிட்டால் அவன் தலையெழுத்து. ஆகவே இந்தச் சொல் எல்லோர் மீதும் சமமாக விழுவதில்லை. எவன் மெலிந்தவனோ, எவனுக்காக ஏதேனும் செய்யவேண்டிய கடமை பிறர்க்கு உண்டோ, அவன்மேலேயே மிகுதியும் விழுகின்றது.

அன்றியும், நம்மவருக்கு முயற்சி தெரியாது, திட்டம் தெரியாது என்று எவரேனும் சொன்னால் நாம் ஒப்போம். மாரியம்மன் திருவிழாவைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன்பே கூட்டம். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. வெளியூருக்குக் குடிபோனவரும் தொலைபேசியிலே பிடிபட்டுத் தண்டம் கட்டுகின்றனர். ஊர்வலத்துக்குப் போலீஸ் அனுமதி, பந்தலுக்கு முன்பணம், அன்னதானத்துக்கு அரிசி மூட்டை, நாதஸ்வரக்காரருக்குக் காற்சட்டைப் பையிலிருந்து கொடுத்த போக்குவரத்துச் செலவு, அனைத்துக்கும் சீட்டு. கணக்கிலே 20 காசு இடித்தால் நள்ளிரவு வரையில் சண்டை. எந்தத் தோட்டத்து ஆபீசிலும் இவ்வளவு சுத்தமான கணக்கை நாம் கண்டதில்லை. தீமிதிக் குழியின் நீளம் அகலம் தவறினால் விதி என்று எவரும் விட்டதில்லை. அளவுகோல் கொண்டு வருகின்றனர். அம்மன் பேரால் இத்தனை ஒழுங்கும் கூடுகின்ற இடத்தில், அதே தெருவிலுள்ள பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க மட்டும் ஏன் கைகள் கூடுவதில்லை? அப்பன் கல்யாணத்தைப் பதியவில்லை. தாயிடம் சிவப்பு அட்டை. குழந்தைக்கு ஒரு தாளும் இல்லை. பள்ளியிலே சேர்க்க முடியாமல், ஆஸ்பத்திரியிலே அந்நியக் கட்டணம் கேட்கப்பட்டு, பதினெட்டு வயதில் வேலையும் அற்று நிற்கின்றான். தலையில் எழுத்து இருக்கின்றதென்று நம்பினோம். தாளில் எழுத்து வேண்டுமென்பதை மறந்தோம். கோயிலை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. திருவிழாக் கமிட்டி ஆண்டில் இரண்டு கூட்டம் இதற்கும் போடட்டும் என்கின்றோம்.

எழுத்தைத் திருத்தியவர்கள் நம்மிடையே இல்லாமலும் இல்லை. 1941-ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தைப் பற்றி நம் இளைஞர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்றனர். அவர்கள் வைத்த கோரிக்கைகளிலே கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குத் தக்க கல்வி இருந்தது. கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பது இருந்தது. பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை ஒழிக்க வேண்டும் என்பதும் இருந்தது. இவற்றோடு இன்னுமொன்று. துரைமாரும் தோட்ட உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டுக் கீழே இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும் என்றார்கள். படித்தவர் சிலர் இதைச் சிறு விஷயம் என்று நகைப்பர். நாம் அதனையே பெரிதென்போம். பத்துக் காசு கூடக் கேட்பவன் பசியால் கேட்கலாம். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவேன் என்பவன் தன் நெற்றியைத் தானே துடைத்துக்கொண்டவன். அரசாங்கம் நாதனைப் பிடித்து நாடு கடத்திற்று, படையை வரவழைத்தது, துப்பாக்கிச் சூட்டிலே தொழிலாளர் உயிரிழந்தனர். அந்த உத்தியோகஸ்தர் வரிசையிலே கிராணிமாரும் இருந்தனர் என்பதை, அந்த நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் நாம் சொல்லாமல் வேறு யார் சொல்லுவது? தமக்கு மேலுள்ளவன் முன் குனிந்த முதுகை, தமக்குக் கீழுள்ளவன் முன் நிமிர்த்திக்கொண்டவர் நம் வகுப்பிலே அநேகர்.

கள்ளின் கதை தனியே ஒரு கட்டுரைக்கு ஆகும். தோட்டமே கடை வைத்து விற்றது, தொழிலாளி குடித்தான், குடிகாரன் விதி என்றார்கள். போருக்குப் பின் கெடாவிலே தொண்டர் படையினர் அக்கடைகளின் வாசலில் மறியல் செய்ததும், 1947-இல் போலீசாரோடு கைகலந்து உயிர்ச்சேதம் நேர்ந்ததும் நினைவிருக்கட்டும்.

பின்னர், 1950-களின் இறுதியில் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கி, குடும்பங்கள் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தபோது, "நமக்கு விதித்தது இவ்வளவுதான்" என்று மூட்டை கட்டியவர் ஏராளம். அப்போதுதான் 1960-இல் வீ. தி. சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளரே சிறு தவணைகளில் பங்குப் பணம் சேர்த்து, தோட்டத்தை வாங்கி, அதன் உடைமையாளராவது என்பது ஏற்பாடு. கூலிக்காரனாவது, தோட்டம் வாங்குவதாவது என்று ஏளனம் செய்தவர் உண்டு. மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அச்சங்கத்தின் கைக்கு வந்தது. அந்தச் சங்கத்தைப் பற்றிய பிற்காலக் குறைநிறைகள் வேறு பேச்சு. தலையெழுத்துப் பேசியவரும் பங்குப் பணம் கட்டியவரும் அன்று ஒரே லயத்தில், ஒரே கூலிக்கு வேலை செய்தவர்கள் என்பதே நமக்கு வேண்டியது.

இதுவரை நாம் சொன்னது நம்மவர்க்கு இனிப்பாகவே இருந்திருக்கும். துன்புற்றவர் நாம், எழுதியவர் பிறர் என்பதால். இனிக் கசப்பான ஒன்று.

நம் தோட்டங்களில் இன்று குலை அறுப்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்தார், இந்தோனேசியர், நேப்பாளியர். அவர்கள் ஊரிலே நிலத்தை ஈடு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் முகவனுக்குப் பணம் கட்டி வருகின்றனர். முதல் இரண்டு வருஷத்துச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகின்றது என்று நம் மேசைமுன் நின்று சொன்னவர் பலர். பழுக்காத குலையை வெட்டினால் பிடித்தம். உதிரிப்பழத்தைப் பொறுக்காமல் விட்டாலும் பிடித்தம். ஒரு கொட்டடியில் பலர். அவர்களைப் பற்றி நம் மண்டோரும், கடைக்காரரும், நமது அலுவலகத்துத் தமிழரும் என்ன சொல்லுகின்றார்கள் தெரியுமா? "அவனுங்களுக்கு அது பழகிப்போச்சு. ஊரில் இதுவும் கிடையாது. அவன் தலையெழுத்து அப்படி." இச்சொற்களை நாம் முன்பு எங்கேயோ கேட்டதில்லையா? நம் பாட்டன்மாரைப் பற்றித் துரைமார் தம் கிளப்பிலே அமர்ந்து பேசிய பேச்சு இதுவன்றோ? கங்காணிக்குப் பதில் முகவன், துண்டுக்குப் பதில் கடன் பத்திரம், வேறென்ன மாறிற்று? 1938-இல் நமக்காக ஓர் அரசாங்கம் கப்பலை நிறுத்தியது என்று பெருமை பேசுகின்ற நாம், இவர்களுக்காக ஒரு வார்த்தை நிறுத்திப் பேசினோமா?

2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பின் அடையாளங்கள் தென்படுகின்றன என்று சொல்லி, இந்நாட்டின் பெரிய செம்பனை நிறுவனங்கள் இரண்டின் எண்ணெயைத் துறைமுகத்திலே தடுத்தது. அதன் பின்னர் அந்நிறுவனங்கள் தொழிலாளர் கட்டிய முகவர் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தன. முகவனிடம் கட்டிய பணம் திரும்பாது, அது விதி என்று சொல்லிக்கொண்டிருந்தவன் கையிலே பணம் வந்து விழுந்தது. எழுதிய கை அகப்பட்டால் எழுத்து எவ்வளவு விரைவில் அழிகின்றது பாருங்கள். 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் தீபகற்பத்தில் 900 வெள்ளி என்று வந்தபோதும், 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனபோதும் நாம் கண்டது அதுவே. அச்சட்டம் அந்நியத் தொழிலாளியையும் சேர்த்தே பேசுகின்றது. நம்மவர் சிலருக்கு அதுவே மனக்குறை!

கடைசியாக, கிராணி வேலையிலிருந்து ஒரு சிறு விஷயம். இதனை எழுதாவிட்டால் மேலே எழுதிய அனைத்தும் வெறும் மேடைப்பேச்சாகிவிடும். ஊழியர் சேமநிதியில் ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்து பணம் போகின்றது. நீங்கள் இறந்தால் அது எவருக்குச் சேர வேண்டும் என்று பெயர் குறித்து வைக்க வேண்டும். நம் தோட்டத்திலே பல்லாண்டு குலை அறுத்த ஒருவர் மரம் சாய்ந்து மாண்டார். மணமாகுமுன் தம் தாயாரின் பெயரைக் குறித்திருந்தார். தாயார் இறந்து வெகுகாலமாயிற்று. மனைவியின் பெயரை எழுத அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. எழுதும்படி சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மையார் சாவுப் பத்திரமும் கல்யாணப் பத்திரமும் கையிலேந்தி அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். கூட வந்த தமையனார் நம் மேசையருகே நின்று, "என்ன செய்வது சார், அவள் தலையெழுத்து" என்றார். அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து நீட்டி, "இந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

அந்தப் பெயரைக் குறிக்கவும் மாற்றவும் கட்டணம் கிடையாது. அடையாள அட்டையோடு சேமநிதி அலுவலகத்துக்குப் போனால் ஒரு காலைப்பொழுதில் முடியும். பிள்ளைகளின் பெயரையும் சேர்த்தே எழுதலாம். இவருக்கு இவ்வளவு பங்கு என்றும் பிரித்துக் குறிக்கலாம். வரும் சம்பள வாரத்தில் எத்தனை பேர் போகின்றார்கள் என்று பார்ப்போம்.